அசுவினியும் அதன் குடிகளும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

அசுவினிப் பூச்சிக்குள் வாழும் பாக்டீரியாக்களை ஆராய்ந்த அறிவியலாளர் நான்சி மோரானைப் பற்றி நீங்கள் எழுதிய சிறுகுறிப்பை வாசித்தேன். நுண்ணுயிரியலில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பூச்சிகளுக்குள் வாழும் பாக்டீரியாக்களை ஆராய ஆசை. ‘நோய்க்கிருமி எதையாவது எடுத்துக்கொள், வேலை கிடைக்கும். ஆய்வகத் தட்டில் வளர்க்கக்கூட முடியாத ஒன்றோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்?’ என்கிறார்கள் சுற்றியிருப்பவர்கள். அதிலும் நியாயம் இருப்பதாகவே தோன்றுகிறது. செடியில் அப்பிக்கிடக்கும் ஒரு பூச்சியை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்து என்ன தெரிந்துவிட்டது? மோரானுக்கு வாய்த்தது அதிர்ஷ்டம்தானோ?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மோரான் பாக்டீரியா ஆய்வாளராகத் தொடங்கவே இல்லை. 1982-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றபோது அவர் பரிணாமவியல் மாணவி. அதன்பின் அசுவினிகளின் வாழ்க்கைச் சுழற்சியில் இறங்கினார். அரிசோனாவில் பணியாற்றிய காலத்தில், அசுவினிக்குள் இருக்கும் பாக்டீரியாவின் மரபணுக்களை வாசித்துக்கொண்டிருந்த பால் பௌமனோடு சேர்ந்தார். அங்கிருந்துதான் பாதை திரும்பியது.

அசுவினி உறிஞ்சுவது செடியின் புளோயச் சாறு, அதாவது உணவைக் கடத்தும் குழாய்களில் ஓடும் சாறு. அதில் சர்க்கரை நிறைய உண்டு. அத்தியாவசிய அமினோ அமிலங்கள் மிகக் குறைவு. அந்தக் குறையை நிரப்புவது புக்னெரா என்ற பாக்டீரியா. அதைக் குடிவைக்க அசுவினியின் உடலில் தனிச் செல்களே இருக்கின்றன. தாயின் உடலுக்குள்ளேயே அது கருவுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. 1993-ல் மோரான் குழுவினர் அசுவினிகளின் வம்சவரிசையையும் புக்னெராக்களின் வம்சவரிசையையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். கிளைக்குக் கிளை பொருந்தியது. புதைபடிவங்களின் காலத்தை வைத்துக் கணக்கிட்டால் அந்த உறவுக்கு வயது சுமார் 20 கோடி ஆண்டு.

தட்டில் வளராது என்று அதைத் தள்ளிவிடச் சொல்கிறார்களே, அது ஏன் வளரவில்லை என்று கேட்டுப் பாருங்கள். 2000-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் புக்னெராவின் முழு மரபணுத்தொகுதியையும் வாசித்தபோது அதில் சுமார் 6,40,000 டி.என்.ஏ. எழுத்துகளே இருந்தன. அதன் உறவுக்காரரான, நம் குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவுக்குச் சுமார் 46 லட்சம். இந்த இழப்புக்கான காரணத்தை மோரான் 1996-லேயே சொல்லியிருந்தார். தாயிடமிருந்து கருவுக்குப் போவது ஒரு சிறு கூட்டம்தான். வெளியிலுள்ள பாக்டீரியாவோடு மரபணு கலக்க வழியில்லை. ஒருமுறை பழுதான மரபணு பழுதாகவே கைமாறும். தலைமுறைதோறும் அந்தத் தேய்மானம் சேர்ந்துகொண்டே போகும். தனியாகப் பிழைக்கத் தேவையானவற்றை இப்படித் தொலைத்துவிட்ட உயிர் தட்டில் எப்படி வளரும்? உங்களுக்குத் தடையாகக் காட்டப்படுவதே அங்கே ஆய்வுப்பொருளாக இருந்தது.

எனக்கு மிகப் பிடித்தது இதற்கடுத்த கட்டம். பட்டாணி அசுவினியின் உடலுக்குள் ஒருவகைக் குளவி முட்டையிடும். புழு உள்ளிருந்தே அதைத் தின்று வளரும். ஆனால் சில அசுவினிகளுக்குள் அந்தப் புழு செத்துப்போகிறது. அவற்றுக்குள் ஹாமில்டனெல்லா என்ற இரண்டாவது பாக்டீரியா இருப்பதையும், காப்பது அதுதான் என்பதையும் கெர்ரி ஆலிவர், மோரான் முதலியோர் 2003-ல் காட்டினார்கள். (அந்தப் பெயர், மிச்சிகனில் மோரானுக்கு ஆசிரியராக இருந்த பரிணாமவியலாளர் டபிள்யூ. டி. ஹாமில்டனின் நினைவாக வைத்தது.) கதை அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் ஆய்வகத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்த்த சில அசுவினி வம்சங்களில் ஹாமில்டனெல்லா அப்படியே இருந்தும் பாதுகாப்பு போய்விட்டது. என்ன காணாமல் போயிருந்தது? ஒரு வைரஸ். பாக்டீரியாவுக்குள் குடியிருக்கும் ஏப்ஸே என்ற பேஜ் வைரஸ். நச்சுப்புரத மரபணுக்கள் அதனிடம்தான் இருந்தன. 2009-ல் இது வெளியானது. பூச்சிக்குள் பாக்டீரியா, பாக்டீரியாவுக்குள் வைரஸ், அந்த வைரஸ் இருந்தால்தான் பூச்சிக்கு உயிர். வைரஸ் என்றதும் நோய் என்றே நினைத்துப் பழகிய எனக்கு, அந்தக் கட்டுரையை வாசித்த அன்று இரவு தூக்கம் வரவில்லை.

பயன் என்ன என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. பிறகு மோரான் தேனீயின் குடல் பாக்டீரியாக்களை எடுத்துக்கொண்டார். கிளைஃபோசேட் களைக்கொல்லி அவற்றைக் குலைக்கிறது என்று 2018-ல் அவர் குழு காட்டியது. 2020-ல், அதே குடல் பாக்டீரியா ஒன்றின் மரபணுவைத் திருத்தி, இறகைச் சிதைக்கும் வைரஸுக்கு எதிராகத் தேனீயைக் காக்கவும் தேனீயைத் தாக்கும் வரோவா உண்ணியைக் கொல்லவும் வழி கண்டார்கள். ஆனால் இந்தப் பயன்களைக் காட்டி அசுவினி ஆய்வை நியாயப்படுத்த எனக்கு மனமில்லை. தேனீ இல்லாமலும் அது முழுமையான வேலை.

அதிர்ஷ்டமா என்று கேட்டீர்கள். பாதுகாப்பை இழந்த அசுவினிகளைப் ‘பரிசோதனை கெட்டுவிட்டது’ என்று கொட்டிவிட்டிருக்கலாம். அவற்றைப் பத்திரமாக வளர்த்து, எது குறைகிறது என்று தேடியவர்களுக்குக் கிடைத்ததை அதிர்ஷ்டம் என்று சொல்ல நான் தயாராக இல்லை.

உங்களைப் பயமுறுத்துபவர்கள் வேலையைப் பற்றிச் சொல்வது பொய்யில்லை. இந்தத் துறையில் இடங்கள் குறைவு, காத்திருப்பு நீளம். அதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள். ஆய்வகத்தைத் தேடும்போது, பூச்சி வம்சங்களை ஆண்டுக்கணக்கில் உயிரோடு பேணும் பழக்கம் அங்கே உண்டா என்று முதலில் விசாரியுங்கள். அதற்கு முன்பாக அந்த 2009 கட்டுரையை ஒருமுறை வாசியுங்கள். சிறியதுதான், ஒரே மூச்சில் முடித்துவிடலாம். வாசித்ததும் எனக்கு எழுதுங்கள்.