அப்பப்பாவின் பிஸ்டல் உறைக்கு எண்ணெய் பூசலாமா?

கேள்வி: ஐயா, எங்கள் அப்பப்பா இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வவுனியா விமானத் தளத்தில் கூலிவேலை செய்தவர். வெள்ளைக்காரர் ஒருவர் கொடுத்ததென்று ஒரு தோல் பிஸ்டல் உறையை வைத்திருந்தார். நாங்கள் இடம்பெயர்ந்தபோது மாமி வீட்டுத் தகரப்பெட்டியில் கிடந்ததால் அது தப்பியது. இப்போது பூஞ்சணம் பிடித்திருக்கிறது. பித்தளைக் குமிழைச் சுற்றிப் பச்சையாக ஏதோ ஊறியிருக்கிறது. பின்பக்கம் ஓர் அம்புக்குறியும் 1942 என்ற எண்ணும் உண்டு. தேங்காய் எண்ணெய் பூசி, சப்பாத்துப் பொலிஷ் போட்டால் நல்ல விலை போகும் என்கிறார் கணவர். செய்யலாமா?
– வாசகி, ஓமந்தை

பதில்: பிள்ளை, எண்ணெய்ப் போத்தலைக் குசினியிலேயே வைத்துவிடுங்கள். நான் முப்பது வருடத்துக்கு மேல் சப்பாத்தும் இடுப்புப்பட்டியும் தைத்தவன். இருபது வயதில் என் அப்பாவின் தோல் கைப்பெட்டியைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தேன். ஒரு மாதம் மினுங்கியது. மாரி வந்ததும் எண்ணெயில் தூசி ஒட்டிப் பூஞ்சணம் படர்ந்தது, தோல் கறுத்தது, தையல் நூல் உக்கியது. மூடியில் அச்சுக் குத்தியிருந்த அப்பாவின் பெயர் அந்தக் கறுப்புக்குள் போய்விட்டது. இன்றுவரை அதை மீட்க முடியவில்லை. உங்கள் உறைக்கு அந்த 1942 தான் உயிர்.

அந்த அம்பு, கோழி நடந்த தடம் போல மூன்று கோடு சேர்ந்ததுதானே? அது பிரித்தானிய அரசின் சொத்து என்ற முத்திரை. கீழே ஆங்கில ‘ஐ’ இருந்தால் இந்தியா. ‘சி’க்குள் அம்பு நின்றால் கனடா. இரண்டு ‘டி’க்கு நடுவே நின்றால் அவுஸ்திரேலியா. அதிகாரிகள் சொந்தக் காசில் வாங்கிய உறைகளில் பெரும்பாலும் அம்பு இராது. 1937 மாதிரி என்ற படை உபகரண வகையில் பிரித்தானிய இராணுவம் உறையைக் கன்வஸில்தான் செய்தது. போர் வந்து கன்வஸ் போதாமல் போனபோது 1939 மாதிரி என்று தோலில் செய்தார்கள். உங்களுடையது அந்த வகையாகவோ இந்தியத் தயாரிப்பாகவோ இருக்கலாம். நடுப்பகுதி வயிறு போலப் புடைத்திருந்தால் அது சுழலும் தோட்டா உருளை உள்ள ரிவோல்வருக்குத் தைத்தது.

சரி, துப்புரவு. முதலில் உள்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவுங்கள். செங்கல் தூள் போலச் சிவப்பாக ஒட்டினால் தோல் உக்கத் தொடங்கிவிட்டது. அதில் ஒரு துளி தண்ணீரும் படக்கூடாது, பட்ட இடம் கறுத்து இறுகிவிடும். தூள் வராவிட்டால் நிழலில், காற்றோட்டமான இடத்தில் இரண்டு நாள் வைத்து, மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு, பழைய ஷேவிங் பிரஷ்ஷால் பூஞ்சணத்தை வெளியில் வைத்துத் தட்டுங்கள். வெயிலில் போட வேண்டாம். அந்தப் பச்சை, தோலின் கொழுப்பும் பித்தளையும் சேர்ந்து உண்டான களிம்பு. ஊசியோ கத்தியோ எடுக்காமல் விளக்குமாற்று ஈர்க்கின் நுனியைச் சீவி, கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுங்கள். பித்தளைப் பொலிஷ் போட்டால் அதன் வெள்ளைப் பொடி தையலுக்குள் இறங்கி நிற்கும். விட்ட தையலை நீங்களே தைக்கவும் வேண்டாம்.

பிறகு வெள்ளைப் பருத்திச் சீலையை உள்ளே அடைத்து, தலையணை உறைக்குள் போட்டு அலுமாரியில் வையுங்கள். பொலித்தீன் பையில் கட்டினால் ஈரம் உள்ளேயே நின்றுவிடும். மாரியில் வாரம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

உறையைப் பார்க்காமல் விலை சொல்ல மாட்டேன். வாங்குகிறவர் முத்திரை, வருடம், செய்தவர் பெயர், தையல் இவற்றைத்தான் பார்ப்பார். மினுக்கத்தைக் கண்டால் சந்தேகப்படுவார், ஏனென்றால் புதிதாகச் செய்து பழசாக்கி விற்கும் உறைகள் நிறைய உண்டு. வெட்டு ஓரத்தை வெளிச்சத்தில் பாருங்கள். பட்டை போட்டுப் பதனிட்ட பழைய தோல் நடுவரை மண்ணிறமாக இருக்கும். நீலச் சாம்பல் தெரிந்தால் குரோம் என்ற இரசாயன உப்பில் பதனிட்டது, அக்காலப் படை உறைக்குப் பெரும்பாலும் பொருந்தாது. தொங்கும் நூலில் ஒரு துண்டு வெட்டி, தள்ளிவைத்துக் கொளுத்துங்கள். உருகி உருண்டால் நைலோன், பின்னாளில் தைத்தது.

அப்பப்பாவின் வேலைச் சீட்டு, பழைய படம் ஏதும் அந்தப் பெட்டியில் இருக்கிறதா? தேடுங்கள். கதைக்குக் காசு தரமாட்டார்கள், கடதாசிக்குத் தருவார்கள். ஆனால் என்னைக் கேட்டால், இத்தனை இடப்பெயர்வுக்கும் தப்பி வந்ததை விற்காதீர்கள். மாமியிடம் கேட்டு, அது யார் கை மாறி வந்தது என்று இந்த வாரமே எழுதி வையுங்கள்.

கேள்வி: காணி துப்புரவாக்கும்போது மண்ணுக்குள் ஒரு தோல் உறையின் மூடி தெரிந்தது. எடுத்துக் கழுவலாமா?
– வாசகர், முல்லைத்தீவு

பதில்: தம்பி, தொடவே வேண்டாம். அதன் அடியிலும் பக்கத்திலும் என்ன கிடக்கிறதென்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. போன கால்தடத்திலேயே திரும்பி வந்து கிராம அலுவலரிடமோ பொலிஸிடமோ சொல்லுங்கள். கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் வந்து பார்க்கும்வரை மண்வெட்டியை வையுங்கள், பிள்ளைகளையும் மாட்டையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.