குண்டுக்கரிச்சானும் புள்ளித் திருக்கையும்: கேட்டவர்களுக்குப் பதில்

மேலூரிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, எங்கள் கிணற்றடியில் பாடும் குண்டுக்கரிச்சானுக்கும் கரிமேட்டு மீன் மார்க்கெட்டில் பார்த்த புள்ளித் திருக்கைக்கும் ஒற்றுமை என்று ஏதாவது உண்டா?

உண்டு தம்பி. கரிச்சானின் இறக்கை அதன் முன்னங்கால்தான். திருக்கையின் தட்டை உடம்பு என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி, மற்ற மீன்களுக்குச் செவுளை ஒட்டி இருக்குமே அந்தப் பக்கத்துடுப்பு, அகலமாக விரிந்து தலையோடு சேர்ந்துகொண்டது. இரண்டுக்கும் மூலம் ஒன்றே, நம் கையும் அந்த வழியில் வந்ததுதான். 40 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துபோன சொந்தம் இது. கையில் பிடித்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

திருமங்கலம்: திருக்கைக்கு முள்ளே இல்லையே, ஏன்?

சுறா மாதிரி அதற்கும் முழுக்கக் குருத்தெலும்புதான். வாலில் இருக்கும் விஷமுள் வேறு சங்கதி, தோலிலிருந்து வளர்வது.

பசுமலை: கரிச்சான் பாடுகிறது. திருக்கை ஊமைதானே சார்?

நானும் அப்படித்தான் பலரிடம் சொல்லியிருக்கிறேன், தப்பு. 2022இல் வந்த ஆய்வுக் கட்டுரையில், இந்தோனேசியா, ஆஸ்திரேலியா கடல்களில் ஆள் நெருங்கியதும் திருக்கைகள் டக் டக்கென்று சத்தம் போட்டதைக் காணொளியோடு காட்டிவிட்டார்கள். அவை நம் புள்ளித் திருக்கை அல்ல, வேறு இரண்டு இனங்கள். கிட்டே வராதே என்ற எச்சரிக்கையாக இருக்கலாம் என்கிறார்கள். ஆனால் பாட்டு என்றால் கரிச்சான்தான். மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிகிற இடத்தில் அதற்குக் குரல் உறுப்பு, ரெண்டு பக்கமும் தனித்தனியாக ஒலிக்கும். பங்குனி, சித்திரையில் விடியும் முன்னே எழுந்து, உச்சிக்கொப்பில் உட்கார்ந்திருக்கும் ஆண் பறவையைக் கேளுங்கள், உடம்பு ஏறக்குறைய 40 கிராம்தான், ஆனால் தோப்பே அதன் குரலாக இருக்கும்.

உசிலம்பட்டி அக்கா: முட்டை எது, குட்டி எது?

கரிச்சான் மரப்பொந்தில் நாலைந்து முட்டையிடும், பெட்டைதான் அடைகாக்கும். திருக்கை குட்டி போடும் அக்கா! வயிற்றுக்குள்ளேயே தாய் பால் போன்ற ஒன்றைச் சுரந்து வளர்க்கிறது.

ஒத்தக்கடை: பிள்ளைகளோடு ராமேஸ்வரம் போகிறோம், கடலில் திருக்கையை மிதித்துவிட்டால்?

பாதத்தைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தபடி நடங்கள், அதிர்வு தெரிந்தால் அதுவே விலகிவிடும். காலில் குத்திவிட்டால் தாங்கக்கூடிய வெந்நீரில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், காலை வைத்தால் வலி குறையும். வலியில் சூடு தெரியாது என்பதால் வேறொருவர் கைவிட்டுப் பார்க்கட்டும். முள் ஆழமாக ஏறியிருந்தால் பிடுங்காமல் அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தியிருந்தால் வெந்நீர் தேடி நிற்கவே கூடாது.