தூக்கத்தில் பல் கடிப்பவர்களுக்கு: பல் மருத்துவர் பதில்கள்

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. நள்ளிரவில் நறநறவென்று பல்லைக் கடிக்கிறார். எனக்குத் தூக்கம் போகிறது, அவருக்கோ எதுவும் தெரிவதில்லை. கடைவாய்ப் பல்லில் போட்ட செராமிக் கேப் ஒரே வருடத்தில் இரண்டு முறை உடைந்துவிட்டது. நைட் கார்டு (இரவில் பல்லின் மேல் மாட்டும் உறை) போட்டால் பழக்கம் போய்விடுமா? ஆன்லைனில் விற்பதை வாங்கி, வெந்நீரில் போட்டு நாமே செய்துகொள்ளலாமா?
– ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: பழக்கம் போகாது. போய்விடும் என்று நம்பிப் பணம் கட்டியவர்கள்தான் மூன்றாம் மாதமே கார்டை அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். இது பல்லில் தொடங்கும் கோளாறு இல்லை. தூக்கம் ஆழமாக இல்லாத நேரங்களில் மூளை சில நொடிகள் லேசாக விழித்து அடங்கும். அப்போது இதயத் துடிப்பு கூடி, தாடைத் தசை இறுகும். கார்டு போட்டாலும் தசை இறுகத்தான் செய்யும். பல்லுக்குப் பதில் கார்டு தேயும், அவ்வளவுதான் அதன் வேலை.

எனவே முதலில் ஒன்றைக் கவனியுங்கள். அவர் குறட்டை விடுகிறாரா? நடுவில் மூச்சு நின்று, திடீரென்று இழுத்து விடுகிறாரா? பகலில் உட்கார்ந்த இடத்திலேயே கண் சொக்குகிறாரா? அப்படியென்றால் ஸ்லீப் அப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு தடைபடும் கோளாறுக்கான பரிசோதனையை முடித்துவிட்டுத்தான் கார்டைப் பற்றிப் பேச வேண்டும். மேல்தாடைக் கார்டு சிலருக்கு இந்த மூச்சுத் தடையை அதிகமாக்கிவிடும். இரவு மது, சிகரெட், மாலைக்குப் பிறகு குடிக்கும் காபி ஆகியவையும் பல் கடிப்பதைத் தூண்டும்.

மூச்சுத் தடை இல்லையென்றால் கார்டு போடலாம். கெட்டியான அக்ரிலிக்கில், ஒரு தாடையின் எல்லாப் பற்களையும் மூடுவதாக, சுமார் 2 மி.மீ. கனத்தில் இருக்க வேண்டும். பொருத்தும் நாளில் மருத்துவர் வண்ணத் தாளைக் கடிக்கச் சொல்வார். கார்டில் புள்ளிகள் இரண்டு பக்கமும் ஒரே அளவில் விழ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அழுத்தமாக விழுந்தால் அந்த இடத்தை ராவிச் சரிசெய்யாமல் வாங்கிவராதீர்கள். காலையில் தாடை வலியோடு எழுவார். ஓரிரு வாரத்தில் மறுபடி காட்டுவதும் அவசியம்.

வெந்நீரில் போட்டுக் கடிக்கும் கார்டு மெத்தென்று இருக்கும். சிலர் அதைச் சூயிங் கம் போல மென்று, முன்பைவிட அதிகமாகக் கடிப்பார்கள். முன்பற்களை மட்டும் மூடும் சிறிய வகை இன்னும் மோசம். மாதக்கணக்கில் போட்டால், எதிரே எதுவும் தட்டாத கடைவாய்ப் பற்கள் மெல்ல எழும்பிவிடும். பிறகு கார்டைக் கழற்றினாலும் மேல், கீழ் முன்பற்கள் ஒன்றோடொன்று சேராது.

கேப்பை முதலில் மாற்றிவிட்டு, அதற்குப் பிறகு கார்டுக்கு அளவு கொடுங்கள். வரிசை மாறினால் கார்டு உட்காராது. மேலே பீங்கான் பூசாத முழு ஜிர்கோனியா (மிகக் கெட்டியான ஒரு வகை செராமிக்) அல்லது உலோகக் கேப்பாகக் கேளுங்கள். உடைவது பெரும்பாலும் அந்தப் பீங்கான் பூச்சுதான். "பல்லை ராவிவிட்டால் கடிப்பது நின்றுவிடும்" என்று யாராவது சொன்னால் சம்மதிக்க வேண்டாம். ராவிய பல் திரும்ப வளராது.

கார்டைப் பச்சைத் தண்ணீரில், மெல்லிய பிரஷ்ஷால் கழுவுங்கள். பேஸ்ட் கீறல் போடும், வெந்நீர் கோணலாக்கும். வீட்டில் நாய் இருந்தால் டப்பாவை உயரத்தில் வையுங்கள். எச்சில் வாசனைக்குக் கடித்துக் குதறிவிடும்.

கேள்வி: ஆறு வயது மகன் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறான். வயிற்றில் பூச்சி என்கிறார் மாமியார். உண்மையா?
– ஒரு வாசகி, தென்காசி

பதில்: பூச்சி மாத்திரை கொடுப்பதில் தவறில்லை. பள்ளியில் கொடுக்கும் அல்பெண்டசோல் 400 மி.கி. மாத்திரையை மென்று தின்னட்டும். ஆனால் பல் கடிப்பதை வைத்துப் பூச்சி இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. மாத்திரைக்குப் பிறகும் கடித்தால் திரும்பத் திரும்பக் கொடுக்காதீர்கள். இந்த வயதில் பல் கடிப்பது சகஜம், பெரும்பாலும் வளர வளரத் தானாக நின்றுவிடும். தாடை வளர்கிற வயதில் கார்டு போடுவதில்லை. வாயைத் திறந்தபடி தூங்குகிறானா, குறட்டை விடுகிறானா என்று மட்டும் பாருங்கள். ஆம் என்றால் மூக்கின் பின்னால் உள்ள அடினாய்டு சதை வீங்கியிருக்கலாம், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: மனச்சோர்வுக்கு செர்ட்ராலின் ஆரம்பித்த சில வாரங்களில் காலையில் நெற்றிப்பொட்டு வலியும் தாடை இறுக்கமும் வந்தன. பல்லைக் கடிப்பதாக அறைத் தோழி சொல்கிறாள். மாத்திரையை நிறுத்தட்டுமா?
– ஒரு வாசகி, கோவை

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். இந்த வகை மருந்துகள் சிலருக்குப் பல் கடிப்பதைக் கிளப்பிவிடும். மனநல மருத்துவரிடம் எந்தத் தேதியில் மாத்திரை தொடங்கியது, எந்தத் தேதியில் வலி வந்தது என்று எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள். அளவைக் குறைப்பார், மருந்தை மாற்றுவார், அல்லது கூட இன்னொரு மாத்திரை சேர்ப்பார். அதுவரை பகலில் உதடு மூடியிருக்கட்டும், பற்கள் தொடாமல் இருக்கட்டும், நாக்கு நுனி மேல் முன்பற்களுக்குப் பின்னால் அண்ணத்தில் இருக்கட்டும். தாடைக்கு இளஞ்சூட்டில் நனைத்த துணியால் பத்து நிமிடம் ஒத்தடம் கொடுக்கலாம்.