படுத்தால் மறையும் வீக்கம் ஹெர்னியாவா?

கேள்வி: எனக்கு வயது 46. இரண்டு மாதங்களாக வலது தொடை இடுக்குக்குச் சற்று மேலே நெல்லிக்காய் அளவில் ஒரு வீக்கம். மாலையில் பெரிதாகிறது, படுத்தால் மறைந்துவிடுகிறது. வலி இல்லை. ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை. இது ஹெர்னியாவா? அறுவை சிகிச்சை அவசியமா?

பதில்: பெரும்பாலும் ஹெர்னியாதான், அதாவது குடலிறக்கம். நின்றால் வெளியே வருவதும் படுத்தால் உள்ளே போவதும் குடலிறக்கத்துக்கே உரிய குணம். ஸ்கேனைப் படுக்கவைத்து எடுத்திருப்பார்கள். அப்போது பிதுங்கிய குடல் வயிற்றுக்குள் போயிருக்கும். நிற்கவைத்தோ, மூச்சைப் பிடித்து முக்கச் சொல்லியோ அல்ட்ராசவுண்ட் எடுத்தால் தெரிய வாய்ப்பு அதிகம். ஆனால் அனுபவமுள்ள அறுவை சிகிச்சை நிபுணர் கையால் பரிசோதித்தே பெரும்பாலும் சொல்லிவிடுவார். வீக்கம் வெளியே தெரியும் மாலை நேரத்தில் அவரிடம் போங்கள். அல்லது தெரியும்போது ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆணின் விதைக்கு ரத்தக் குழாய்களும் விந்துக் குழாயும் போவதற்காக அடிவயிற்றுத் தசைச் சுவரில் ஒரு பாதை இருக்கிறது. இயல்பிலேயே பலவீனமான இடம். நாள்பட்ட இருமல், மலச்சிக்கலில் முக்குவது, புராஸ்டேட் வீக்கத்தால் சிரமப்பட்டுச் சிறுநீர் கழிப்பது, அதிக எடை தூக்குவது எல்லாம் அங்கே அழுத்தத்தைக் கூட்டுகின்றன. ஒருநாள் கொழுப்போ குடலோ அந்த வழியே பிதுங்கிவிடும். அதனால்தான் இது பெண்களைவிட ஆண்களுக்கு மிக அதிகம்.

வீட்டில் இப்படிப் பாருங்கள். கண்ணாடி முன் நின்று இரு பக்கத்தையும் ஒப்பிடுங்கள். வீக்கத்தின் மேல் இரண்டு விரல்களை லேசாக வைத்து இருமுங்கள். விரலை உள்ளிருந்து ஏதோ தள்ளினால் ஹெர்னியா என்ற சந்தேகம் வலுக்கும். வலி இல்லாவிட்டாலும் நாள் முழுக்க நின்றால் அந்தப் பக்கம் கனமாக, இழுப்பதுபோல இருக்கும். சிலருக்கு வீக்கம் விதைப்பை வரை இறங்கும். பெண்களுக்குத் தொடை மடிப்புக்குக் கீழே கட்டி வந்தால் அது வேறுவகைக் குடலிறக்கமாக இருக்கலாம். சிறியதாக இருந்தாலும் சீக்கிரம் சிக்கிக்கொள்ளும், ஆகவே தள்ளிப்போடக் கூடாது.

எல்லா வீக்கமும் ஹெர்னியா அல்ல. படுத்தாலும் மறையாமல் விதையைச் சுற்றி இருந்தால் அங்கே நீர் சேர்ந்த வீக்கமாக (ஹைட்ரோசீல்) இருக்கலாம். அதில் வீக்கத்தின் மேல் விளிம்பைக் கையால் தொட்டுவிட முடியும், விதைப்பைக்கு இறங்கிய ஹெர்னியாவில் முடியாது. இருமினாலும் மாறாத, உருண்டையான கட்டிகள் நெறிகட்டிகளாக இருக்கலாம். காலில் புண் இருந்தாலும் நெறி கட்டும், அதையும் பாருங்கள். இளைஞர்களுக்குத் திடீரென்று விதையில் தாங்க முடியாத வலி வந்தால் விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம், அது சில மணி நேரத்தில் விதையையே இழக்கச் செய்யும் அவசரநிலை.

அறுவை சிகிச்சைக்கு நாளையே ஓட வேண்டியதில்லை. தொந்தரவு இல்லாத ஆண்கள் மருத்துவர் கண்காணிப்பில் காத்திருக்கலாம். ஆனால் பெரியவர்களுக்கு ஹெர்னியா தானாகச் சரியாகாது, மாத்திரையும் கிடையாது. காத்திருப்பவர்களில் பெரும்பாலோர் சில வருடங்களில் வலியால் அறுவைக்கே வருகிறார்கள். அறுவையில் பலவீனமான இடத்தில் செயற்கை வலை (மெஷ்) வைத்துப் பலப்படுத்துவதே வழக்கமான முறை. ஹெர்னியா பெல்ட் சற்று ஆறுதல் தரலாம், ஓட்டையை அடைக்காது. குழந்தைகளுக்குத் தொடை இடுக்கில் ஹெர்னியா வந்தால் காத்திருக்கவே கூடாது. கைக்குழந்தைக்குக் குடல் சிக்கும் ஆபத்து அதிகம்.

இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்: வழக்கமாக உள்ளே போகும் வீக்கம் ஒருநாள் படுத்தும் போகாமல், கல்போல இறுகி, தொட்டால் வலித்தால் குடல் சிக்கிக்கொண்டது என்று பொருள். வாந்தி, வயிறு உப்பல், மலமும் வாயுவும் பிரியாமை, மேல்தோல் சிவத்தல், காய்ச்சல் சேர்ந்தால் குடலுக்கு ரத்தம் போகாமல் நின்றிருக்கலாம். அப்படியானால் சில மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்கும். பலமாக அழுத்தி உள்ளே தள்ளாதீர்கள், நைந்த குடல் கிழியலாம். மலமிளக்கியும் வேண்டாம். நடு இரவானாலும் அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள். அன்றே அறுவை தேவைப்படலாம் என்பதால் வழியில் எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ வேண்டாம்.