வாங்கும் முன் ஒரு வார்த்தை: டிஸ்க் பிரேக்கும் துண்டுச் சீட்டும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் லாரிக்காரர்களுடையவை. சங்ககிரியும் நாமக்கல்லும் பக்கத்தில் இருந்தால் வேறென்ன வரும்? நம் பக்கத்துப் பழைய லாரிகளில் பெரும்பாலும் டிரம் பிரேக்தான். முன்னால் டிஸ்க் பிரேக், அதாவது சக்கரத்தோடு சுழலும் தட்டை இரண்டு பக்கமும் பேடு அழுத்திப் பிடிக்கும் பிரேக், உள்ள பழைய வண்டியை வைத்திருப்பவர்கள்தான் பட்டறை பட்டறையாக அலைகிறார்கள்.

முன் இடது சக்கரத்தில் உள்பக்கப் பேடு இரும்பு வரை தேய்ந்துவிட்டது. வெளிப்பக்கப் பேடு பாதி இருக்கிறது. வலது பக்கம் பரவாயில்லை. நாலு மாதத்துக்கு முன்புதான் இடது பக்கம் மட்டும் புதுசு போட்டேன். பேடு மட்டமா, அண்ணா? – சங்ககிரி வாசகர்

பேடின் மேல் பழி போடாதீர்கள். பேடுகளைத் தாங்கி டிஸ்க்கைக் கவ்வுவது காலிப்பர். உங்களுடையது அநேகமாக நகரும் காலிப்பர். அதில் பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான் இருக்கும். அது உள் பேடை டிஸ்க்கில் அழுத்தும்போது, காலிப்பர் இரண்டு பின்களின் மேல் வழுக்கி வந்து வெளிப் பேடையும் இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்தப் பின் துருப்பிடித்து இறுகினால் காலிப்பர் நகராது. உள் பேடு ஒன்றே மொத்த வேலையையும் செய்து சாகும்.

சக்கரத்தைக் கழற்றி, காலிப்பரை இரண்டு கையாலும் பிடித்து அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அசையாவிட்டால் பின்னை உருவுங்கள். பழுப்பாகச் செதில் செதிலாகத் துரு வரும். அதை மூடும் ரப்பர் பூட் எங்காவது கிழிந்திருக்கும். தண்ணீர் போன வழி அதுதான். பின்னையும் ரப்பர் பூட்டையும் மாற்றி, பிரேக்குக்கென்றே விற்கிற சூடு தாங்கும் கிரீஸைத் தடவுங்கள். ஹப்புக்குப் போடும் கிரீஸ் ரப்பரை ஊத வைத்துவிடும். பின்னில் கோளாறு இல்லையென்றால் பிஸ்டனையும், பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாயான ஹோஸையும் பாருங்கள். பழைய ஹோஸ் உள்ளுக்குள் உப்பிவிட்டால் ஆயில் போகும், திரும்பி வராது.

அப்புறம், பேடு மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்துத்தான். இடது மட்டும் போதும் என்ற மெக்கானிக்கிடம் மறுபடி போகாதீர்கள்.

டிஸ்க்கில் வரி வரியாகக் கோடு விழுந்திருக்கிறது. ஏற்கெனவே ஒரு முறை லேத்தில் கடைந்ததுதான். இன்னொரு முறை கடையலாமா? – பள்ளிபாளையம் வாசகர்

குறைந்தபட்சக் கனம் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். கடைந்தால் அதற்குக் கீழே போகும் என்றால் காயலான் கடைக்குத்தான். மைக்ரோமீட்டர் வைத்து அளந்து பாருங்கள். ஓரத்தில் தேயாத விளிம்பு நிற்கும். வெர்னியர் அளவுகோல் அதில் உட்கார்ந்து கனத்தைக் கூட்டிக் காட்டும். சந்தையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று நான் வாங்கிய வெர்னியர், மூடி வைத்தாலே அரை மில்லி காட்டுகிறது. இன்னும் மேசையில்தான் கிடக்கிறது, பேப்பர் பறக்காமல் இருக்க.

பிரேக் ஆயில் குறைந்திருந்தது. கையில் இருந்த ஸ்டியரிங் ஆயிலை ஊற்றினேன். இப்போது பிரேக் பிடித்தால் விடமாட்டேன் என்கிறது. ஆயில் எல்லாம் ஒன்றுதானே? – ராசிபுரம் வாசகர்

இல்லை. எந்த ரகப் பிரேக் ஆயில், டாட் 3-ஆ டாட் 4-ஆ என்று மூடியிலேயே போட்டிருக்குமே, படிக்கக் கூடாதா? ரப்பர் அத்தனையும் ஊதியிருக்கும். பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து காலிப்பர் வரை எல்லா சீலையும் ஹோஸையும் மாற்றி, பைப்பைக் கழுவ வேண்டும். அதுவரை வண்டியை எடுக்காதீர்கள். பேடு தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், ஆயில் மட்டம் தானாக இறங்கும். நீங்கள் பார்க்க வேண்டியிருந்தது பேடை.

சொந்தமாக ஒரே லாரி, நானே ஓட்டுகிறேன். 'கம்பெனி பேடு' என்று கொடுத்தார்கள். பத்தே நாளில் லைனிங் தகட்டை விட்டுக் கழன்றுவிட்டது. நல்ல வேளை, டோல்கேட் அருகே மெதுவாகப் போய்க்கொண்டிருந்தேன். 'இது என் சரக்கே இல்லை' என்கிறார் கடைக்காரர். கையில் பில் இல்லை, எஸ்டிமேட் சீட்டுதான் இருக்கிறது. வழி உண்டா? – கரூர் வாசகர்

உண்டு. தப்பு உங்கள் மேல் இல்லை என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

"பில்லோடவா, பில் இல்லாமலா?" இந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்கு உடம்பு எரியும். பில் இல்லையென்றால் வரி மிச்சமாம். ஒரு தடவை நானும் அந்த மிச்சத்துக்கு ஆசைப்பட்டு என் பழைய வேனுக்குப் பேடு வாங்கினேன். பெட்டியில் கம்பெனி பெயரில் ஒரு எழுத்து குறைவதை வீட்டுக்கு வந்த பிறகு என் மகள்தான் பார்த்தாள். சீட்டை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனேன். "இதுல எங்க கடைப் பேரே இல்லீங்களே" என்று சிரித்தார். திருப்பிப் பார்த்தேன். இல்லைதான். நேரத்தோடு வீடு திரும்பி, அந்தப் பேடைக் கழற்றிப் போட்டுவிட்டு, முழு விலை கொடுத்து வேறு வாங்கினேன். ஒரே சாமானுக்கு இரண்டு முறை பணம்.

உங்களிடம் சீட்டு இருக்கிறது. பணம் போனில் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவும் சாட்சிதான். கழன்ற பேடையும் பெட்டியையும் தூக்கி எறியாதீர்கள். கழற்றிய மெக்கானிக்கிடம் தேதி போட்டு எழுதி வாங்குங்கள். கடைக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். 1915 உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கெடு 2 ஆண்டு. கொடுத்த விலை 5 லட்ச ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது.

"லாரி வியாபாரத்துக்கு ஓடுது, நீ நுகர்வோரே இல்லை" என்று மிரட்டிப் பார்ப்பார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துவதை வணிக நோக்கத்தில் சேர்ப்பதில்லை. ஒரே லாரி, நீங்களே டிரைவர் என்பதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். பத்து லாரிக்கு ஆள் வைத்து ஓட்டுகிறவர்களுக்கு இந்த வாசல் குறுகல்தான்.

புதுப் பேடு போட்ட அன்றே லோடோடு திம்பம் இறங்கலாமா? – பெருந்துறை வாசகர்

கூடாது. பேடைப் பழக்க 27 கொண்டை ஊசி வளைவா கிடைத்தது? சமதளத்தில் இடைவெளி விட்டு மெதுவாகப் பலமுறை பிடித்துப் பழக்குங்கள். மலையில் கியரில் இறங்குங்கள். தொப்பூரில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குகிறவர்களுக்கு எந்தப் பேடும் போதாது.

பழைய லாரி ஒன்று வாங்கப் போகிறேன். போன மாதம்தான் எஃப்.சி. (தகுதிச் சான்று) ஆகியிருக்கிறது, பெயின்ட்டும் புதுசு. பிரேக்கைத் தனியாகப் பார்க்க வேண்டுமா? – நாமக்கல் வாசகர்

வேண்டும். எஃப்.சி. போன மாதத்துக் கதை. சக்கரத்தைக் கழற்ற விடாதவருக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். காலிப்பருக்கும் சேர்த்துப் பெயின்ட் அடித்திருந்தால், அது பின்களின் மேல் அசைகிறதா என்று பாருங்கள்.