கார்ட்டரும் ஸ்கூல் போர்டும் – கடிதம்

அன்புள்ள சார்,

அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் மறைந்தபோது நீங்கள் எழுதிய அஞ்சலியில், அவரை அரசியலுக்குள் இழுத்து வந்தது பள்ளி வாரிய உறுப்பினர் பதவிதான் என்று ஒரு வரி இருந்தது. நான் ஜார்ஜியாவில் பல வருடங்களாக இருக்கிறேன், குடியுரிமை வாங்கி ஓட்டும் போடுகிறேன். எங்கள் கவுண்டியில், அதாவது நம்மூர் மாவட்டம் மாதிரி, ஸ்கூல் போர்டுக்கு நிற்பவர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது, அந்த இடத்தை அப்படியே விட்டுவிடுவேன். பஸ் ரூட், மதிய உணவு, லீவு நாள் இதையெல்லாம் முடிவு செய்கிற குழுவுக்குப் போய் இவ்வளவு முக்கியத்துவம் கொடுப்பது மிகை என்று படுகிறது. கடற்படை அதிகாரி, நிலக்கடலை வியாபாரி, ஊரில் பெரிய குடும்பம். எப்படியும் அரசியலுக்கு வந்திருப்பார்தானே?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

பஸ் ரூட் என்று எழுதினீர்கள், நான் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1953இல் அப்பா இறந்ததும் கார்ட்டர் கடற்படையை விட்டுவிட்டு ஜார்ஜியாவில் சொந்த ஊரான பிளெயின்ஸுக்குத் திரும்புகிறார். அப்பா அந்த ஊர் இருக்கும் சம்டர் கவுண்டியின் பள்ளி வாரியத்தில் இருந்தவர். 1955இல் மகனும் அதில் உறுப்பினராகிறார். அன்று அங்கே அந்தப் பதவிக்கு மக்கள் ஓட்டுப் போடவில்லை, கிராண்ட் ஜூரி என்ற ஊர்ப் பெரியமனிதர் குழு நியமித்தது. பொதுப்பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. சம்டரில் ஒன்றும் மாறவில்லை. வெள்ளைக்காரக் குழந்தைகள் பஸ்ஸில் பள்ளிக்குப் போனார்கள், கறுப்பினக் குழந்தைகள் நடந்து போனார்கள். இது தன் கண்ணில் படவே வாரியத்தில் சேர்ந்து பல மாதங்கள் ஆயின என்று பிற்காலத்தில் கார்ட்டரே எழுதியிருக்கிறார். தினமும் அதே சாலையில் போய் வந்தவர், கறுப்பினப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவர், அவருக்கே படவில்லை. அப்புறம் அந்தக் குழந்தைகளுக்கும் பஸ் வந்தது. ஆனால் அதன் முன்பக்க மட்கார்டுகளுக்குக் கறுப்புப் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று மாநில சட்டமன்றம் சொன்னது, தூரத்திலிருந்து பார்க்கும்போதே உள்ளே இருப்பது யார் வீட்டுப் பிள்ளைகள் என்று தெரிந்துவிட வேண்டுமாம். பஸ் ரூட் சின்ன விஷயம் என்று இனி உங்களால் சொல்ல முடியுமா, கே.?

கார்ட்டரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதனாலேயே இதையும் சொல்லிவிட வேண்டும். வாரியத்தில் இருந்த முதல் சில வருடங்களில் அவர் எதிர்த்து நிற்கவில்லை. கறுப்பினக் குழந்தைகளுக்குக் கட்டவிருந்த ஒரு பள்ளி தங்கள் பிள்ளைகள் போகும் வழியில் வருகிறது என்று வெள்ளைக்காரப் பெற்றோர்கள் புகார் செய்தபோது, இடத்தை மாற்றலாம் என்ற பக்கம்தான் அவரும் நின்றார். ஒயிட் சிட்டிசன்ஸ் கவுன்சில் என்ற வெள்ளை இனவாத அமைப்பில் சேரச் சொல்லி ஊரே வற்புறுத்தியபோது மறுத்தார், வியாபாரத்தைப் புறக்கணிப்போம் என்று மிரட்டியும் அசையவில்லை, அது பெரிய விஷயம். ஆனால் தனிமனிதனாக மறுப்பதும், வாரியத்தில் உட்கார்ந்து ஒரு கட்டடம் எங்கே வர வேண்டும் என்று கை தூக்குவதும் வேறு வேறு. இரண்டாவதில்தான் பிள்ளைகளின் வாழ்க்கை மாறுகிறது.

1961இல் அவர் வாரியத்தின் தலைவர். கவுண்டிப் பள்ளிகளையும் கவுண்டியின் தலைநகரான அமெரிகஸ் நகரப் பள்ளிகளையும் ஒன்றாக இணைத்து, சின்னச் சின்ன ஹைஸ்கூல்களை மூடிவிட்டு நல்ல ஆய்வகமும் ஆசிரியர்களும் உள்ள ஒரே பெரிய பள்ளி வைப்பது என்று திட்டம். இத்தனைக்கும் அது வெள்ளைக்காரப் பள்ளிகளை மட்டும் சேர்க்கும் திட்டம். கவுண்டி முழுக்க ஊர் ஊராகப் போய்ப் பேசினார். எதிர்த்தவர்கள் ஒன்றே ஒன்று சொன்னார்கள்: இன்று பள்ளிகளைச் சேர்ப்பார்கள், நாளை கறுப்பர்களையும் சேர்ப்பார்கள். பிளெயின்ஸ்காரர்களுக்குத் தங்கள் ஹைஸ்கூல் போய்விடுமே என்ற கவலை வேறு, சொந்தப் பெரியப்பா மகன் ஹ்யூவே எதிர்ப்பக்கம் நின்றார். மக்கள் வாக்கெடுப்பில் திட்டம் கொஞ்ச வாக்குகளில் தோற்றது. கார்ட்டரின் கிடங்குக் கதவில் யாரோ கறுப்பர்களை இழிவுபடுத்தும் சொல்லோடு அவர் குடும்பப் பெயரையும் சேர்த்து எழுதிய அட்டையை மாட்டிவிட்டுப் போனார்கள். ஓட்டுக் கேட்டு அவர் கண்ட முதல் தோல்வி இது, அதுவும் ஒரு பள்ளிக்கூடத்துக்காக.

அடுத்த வருடமே மாநில செனட்டுக்கு, அதாவது மாநில சட்டமன்றத்தின் மேலவைக்கு, நின்றார். அதுவரை செனட் இடம் கவுண்டிகளுக்குள் முறைவைத்துச் சுற்றி வரும், கிராமத்துப் பெரிய கைகள் யாரைக் காட்டுகிறார்களோ அவர் போவார். 1962இல் நீதிமன்றங்கள் அந்த ஏற்பாட்டை உடைத்தன, புதுத் தொகுதிகள் வந்தன. கலப்புப் பள்ளிகளுக்குப் பணத்தை நிறுத்துவோம், தேவைப்பட்டால் பள்ளிகளையே மூடுவோம் என்று ஜார்ஜியாவில் தலைவர்கள் பேசிவந்த காலம் அது. பொதுப்பள்ளிகளைக் காப்பாற்ற வேண்டும் என்பதுதான் தான் நின்றதற்குக் காரணம் என்று கார்ட்டர் பிற்பாடு எழுதினார். அக்டோபர் 1, அவருடைய 38ஆம் பிறந்தநாள் அன்று காலையில் நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு கிளம்பி அமெரிகஸுக்குப் போய் வேட்பாளராகப் பதிந்துவிட்டார், டெமாக்ரடிக் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தலுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது.

அந்தத் தேர்தல் நம்மூர்க்காரர்களுக்கு உடனே புரியும். அதே தொகுதியில் வந்த க்விட்மன் கவுண்டியில் ஜோ ஹர்ஸ்ட் என்றொருவர், அங்கே அவர் வைத்ததுதான் சட்டம். அங்குள்ள ஜார்ஜ்டவுன் வாக்குச்சாவடியில் மறைப்பு கிடையாது, ஹர்ஸ்ட் நின்றுகொண்டே சீட்டில் யார் பெயரை அடித்துவிட வேண்டும் என்று வாக்காளர்களுக்குச் சொன்னார், சீட்டுகள் ஓல்ட் க்ரோ விஸ்கியின் அட்டைப்பெட்டிக்குள் விழுந்தன, அவர் அதில் கைவிட்டுச் சீட்டுகளை எடுத்துப் பார்த்தார். 333 பேர் ஓட்டுப் போட்ட இடத்தில் 420 சீட்டுகள். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் பெயரின் அகரவரிசைப்படி வரிசையாக வந்து வாக்களித்ததாகப் பட்டியல், அதில் செத்தவர்களும் சிறையில் இருந்தவர்களும் இருந்தார்கள். கார்ட்டர் தோற்றதாக அறிவித்தார்கள். அவர் விடவில்லை. அட்லாண்டாவிலிருந்து ஜான் பென்னிங்டன் என்ற பத்திரிகையாளர் வந்து அகழ்ந்து எழுதினார், சார்ல்ஸ் கிர்போ வழக்கறிஞராக வந்தார், நீதிபதி கார்ல் க்ரோ அந்தச் சாவடியின் வாக்குகளை முழுவதுமாகத் தள்ளினார். பொதுத்தேர்தலுக்கு முந்தைய இரவு வரை யார் பெயர் அச்சாக வேண்டும் என்று இழுபறி. கடைசியில் கார்ட்டர், அவரோடு போட்டியிட்டவர் இருவர் பெயரையும் அடித்துவிட்டு வாக்காளரே கையால் எழுதிப் போடச் சொன்னார்கள். அப்படித்தான் ஜெயித்தார்.

செனட்டில் கல்விக்குழுவைக் கேட்டு வாங்கினார். அவருடைய முதல் பேச்சு, ஓட்டுரிமை வேண்டுமானால் பதில் சொல்ல வேண்டிய ‘30 கேள்விகள்’ தேர்வை ஒழிக்க வேண்டும் என்பது. கறுப்பினத்தவரை வடிகட்டுவதற்கான தேர்வு அது. இந்தச் செய்தி ஊருக்குப் போய்விடக் கூடாதே என்று பயந்துகொண்டே பேசினேன் என்று 1974இல் ஆளுநராக இருந்தபோது சொன்னார். நான் அவரை நம்புவதற்கு அந்தப் பயமும் ஒரு காரணம்.

வேறு வழியில் வந்திருப்பாரா என்று கேட்டீர்கள். வந்திருக்கலாம். வேறு எதற்காகவோ வந்திருப்பார்.

சரி, உங்கள் ஓட்டுக்கு வருகிறேன். உங்கள் சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், ஜார்ஜியாவில் அதில் பெரிய பங்கு பொதுவாகப் பள்ளிக்குத்தான் போகிறது, விகிதத்தைச் சொல்வது நீங்கள் பெயர் தெரியாமல் விட்டுவிடும் அந்த வாரியம். சம்டரின் கதையும் கார்ட்டரோடு முடியவில்லை. அந்தக் கவுண்டியின் மக்கள்தொகையில் ஏறக்குறைய பாதி கறுப்பினத்தவர். 2010 தேர்தலில் பள்ளி வாரியத்தில் அவர்களுக்கு முதல்முறையாகப் பெரும்பான்மை கிடைத்தது. அப்புறம் ஒன்பது இடங்களை ஏழாகக் குறைத்து, அதில் இரண்டைக் கவுண்டி முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் இடங்களாக மாற்றினார்கள். வழக்குப் போனது. இது கறுப்பின வாக்குகளின் பலத்தைக் குறைக்கிறது, வாக்குரிமைச் சட்டத்துக்கு விரோதம் என்று 2018இல் கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னது. 2020இல் ஏழு இடங்களுக்கும் தனித்தனித் தொகுதி போட்டு வரைபடத்தை மாற்றியது, மேல்முறையீட்டிலும் அது நின்றது. ஒரு சின்னக் கவுண்டியின் ஏழு பேர் குழுவுக்காக இத்தனை வருடம் மோதியிருக்கிறார்கள் என்றால், இரண்டு பக்கத்துக்கும் அதன் மதிப்பு தெரிந்திருக்கிறது.

வாரியக் கூட்டங்களுக்கு யார் வேண்டுமானாலும் போகலாம். ஒரு கூட்டம் போய் உட்கார்ந்து பாருங்கள், அடுத்த முறை உங்கள் தொகுதியில் யார் நிற்கிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்.