மருந்துக்குக் கிருமி பழகிவிடுமா?

அன்புள்ள ஐயா,

என் மைத்துனருக்கு டிபி. 2 மாதத்தில் இருமல் நின்றதும் மாத்திரையை விட்டுவிட்டார். "இப்படி நிறுத்தினா கிருமி மருந்துக்குப் பழகிடும்" என்று ஆஸ்பத்திரியில் திட்டு. மரபணு மாற்றம் உயிரின் தேவையைப் பார்த்து வருவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். அப்புறம் எப்படிப் பழகும்?

ர., தண்டையார்பேட்டை

அன்புள்ள ர.,

பழகாது. எச்சரிக்கை சரி, சொல்தான் பிசகு. காசிமேட்டில் கண் பெரிதான வலையில் பொடி மீன் தப்பினால், வலையைப் பார்த்து மீன் சுருங்கிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை.

கிருமி பிரியும்போதெல்லாம் டிஎன்ஏ நகலில் அங்கங்கே பிழை விழும். அப்படி விழுந்த பிழையால், மருந்தையே காணாத கிருமிகளிலும் சுமார் 10 கோடியில் ஒன்று ரிஃபாம்பிசின் என்ற டிபி மருந்துக்குச் சாகாது. 10 லட்சத்தில் ஒன்று ஐசோநியாசிட் என்ற இன்னொரு மருந்துக்குச் சாகாது. நுரையீரலில் விழுந்த ஒரே குழியில் 10 கோடி கிருமி இருக்கலாம். ஒற்றை மருந்து கொடுத்தால், தப்பப்போகிறவன் ஏற்கனவே உள்ளே உட்கார்ந்திருக்கிறான். இரண்டுக்கும் தப்ப இரண்டு பிழையும் ஒரே கிருமியில் விழவேண்டும்: கோடி கோடியில் ஒன்று. முதல் 2 மாதம் 4 மருந்து, அடுத்த 4 மாதம் 3 மருந்து என்பது இந்தக் கணக்குதான்.

முன்பே இருந்ததற்குச் சாட்சி? 1943இல் லூரியா, டெல்ப்ரூக் என்ற இரண்டு விஞ்ஞானிகள் தனித்தனிக் குழாய்களில் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவை வளர்த்து, அதைக் கொல்லும் வைரஸ் பூசிய தட்டுகளில் ஊற்றினார்கள். வைரஸைக் கண்டபின் மாறியிருந்தால் எல்லாத் தட்டிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை பிழைத்திருக்கும். ஒரு வரிசையில் 20 குழாய். 11இல் ஒன்றுகூட இல்லை, ஒன்றில் 64, இன்னொன்றில் 107! அந்தக் குழாய்களில் பிழை சீக்கிரமே விழுந்து வாரிசுகள் பெருகிவிட்டன.

பிழை டிஎன்ஏவின் எல்லா எழுத்திலும் சமமாக விழும் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். நெருக்கடியில் சில பாக்டீரியாவில் பிழை கூடவும் செய்யும். தேவையானதைக் குறிபார்த்து விழாது, அவ்வளவே.

உங்கள் மைத்துனருக்கு வருவோம். 2 மாதத்துக்குப் பின் மிஞ்சுபவை பெரும்பாலும் மந்தமாகக் கிடக்கும் கிருமிகள், பிழை விழுந்தவை அல்ல. மருந்தை நிறுத்தினால் அவை மீண்டும் பெருகும். ஒவ்வொரு பிரிவும் புதிய சீட்டுக் குலுக்கல். அப்படி ஒரு மருந்துக்குத் தப்பியது உருவாகியிருந்தால், பழைய மாத்திரையைத் திரும்ப விழுங்கும்போது மற்ற மருந்து தனியாக நிற்கும். அதற்கும் தப்புவது எளிது. ஆகவே மிச்சமிருக்கும் மாத்திரைப் பட்டையை அவராக எடுக்கவேண்டாம். முதலில் சளி கொடுத்து, கிருமியின் மரபணுவைப் பார்க்கும் சிபிநாட் சோதனை செய்யட்டும். ரிஃபாம்பிசினுக்குத் தப்பும் பிழைகளில் பெரும்பாலானவை ஒரு மரபணுவின் 81 எழுத்துக்குள் அடங்கும். சோதனை அந்த இடத்தைத்தான் தேடுகிறது, இயந்திரத்தில் போட்டால் 2 மணி நேரம். அதில் எதிர்ப்பு தெரிந்தால் மருந்துப் பட்டியலே வேறு.